எண் இல்லாத கணக்குகள்

"இனிமே நீ கணக்குத் தேட வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு மிதுனா கேட்டுக்குள் போய்விட்டாள். ஒரு கையில் ஹால் டிக்கெட், இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாட்ச்மேன் அந்தப் பெரிய இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்தி உள்பக்கம் கொண்டியைப் போட்ட சத்தத்துக்குப் பிறகுதான் சாந்தாமணிக்கு மகள் சொன்னது என்ன என்றே உறைத்தது. இனிமே நீ கணக்குத் தேட வேண்டாம்மா. எந்த வார்த்தையை அழுத்திச் சொன்னாள்? 'இனிமே' என்பதை அழுத்தியிருந்தால் இதுவரை தேடினது போதும், பாவம் நீயும் எவ்வளவுதான் அலைவாய் என்று அர்த்தம். 'நீ' என்பதை அழுத்தியிருந்தால் இனி நானே தேடிக்கொள்கிறேன், பெரியவளாகிவிட்டேன் என்று அர்த்தம், அதுவும் நல்லதுதான். 'வேண்டாம்' என்பதை அழுத்தியிருந்தால்? மகளின் வாயை மறுபடி மறுபடி கண்முன் கொண்டுவந்து பார்த்தாள். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. அந்த நேரம் பார்த்து பின்னால் ஒருவன் ஸ்கூட்டர் ஹார்னை அடித்துத் தொலைத்தான். கோயமுத்தூர்க்காரர்களுக்கு ஹார்ன் இல்லாமல் கை ஓடாது. ஹார்ன் இல்லாமலிருந்திருந்தால் எந்த வார்த்தை என்று பிடித்திருப்பாள். தன் ஜெராக்ஸ் கடையில் எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொன்னாலும் அவளுக்குப் பிடிபடும். "அக்கா, பின்னும் முன்னும்" என்பதற்கும் "அக்கா, முன்னும் பின்னும்" என்பதற்கும் வித்தியாசம் தெரிந்து தாளைப் போடுகிறவள் அவள். சொந்த மகள் சொன்ன ஒரு வாக்கியம் பிடிபடவில்லை. கேட்டைப் பார்த்தாள். சாம்பல் நிறம் அடித்த தகரம், ஆளுயரத்துக்கு மேல். இனி பௌதிகப் போட்டிப் பரீட்சை முடிகிறவரை அது திறக்காது.

காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குத்தான் நிழல் இருந்தது. அதற்குள் அத்தனை பெற்றோரும் வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்றார்கள், சிலர் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பேக்கரி. அங்கே போனால் ஃபேன் இருக்கும், டீ இருக்கும், முக்கியமாகப் பாத்ரூம் இருக்கும், உடுமலையில் விடியுமுன் பஸ் ஏறினதிலிருந்து அவளுக்கு அது வேண்டியிருந்தது. ஆனால் போகவில்லை. நாம் அந்தப் பக்கம் போன நேரம் கேட் திறந்து, மிதுனா வெளியே வந்து, நம்மைக் காணாமல் எங்காவது நடந்துவிட்டால்? பரீட்சை முடிவதற்குள் எப்படித் திறக்கும், திறக்காது என்று தெரியும். தெரிந்தாலும் கால் நகரவில்லை. அடிவயிற்றை இறுக்கிக்கொண்டு நின்றாள். மிதுனா வயிற்றிலிருந்தபோதும் இப்படித்தான், எங்கே போனாலும் முதலில் பாத்ரூம் எங்கே என்றுதான் பார்க்க வேண்டியிருந்தது. அப்போது கடை இல்லை. புருஷன் குமரவேல் ஸ்கூல் வேன் ஓட்டிக் கொண்டுவருவதில்தான் குடும்பம் நடந்தது. கடை பிறகு வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேமினேஷன் பெட்டி, வெளியே ஒரு ஸ்டூல். டியூஷன் வாத்தியார்கள் கையெழுத்தில் கொண்டுவரும் கேள்வித்தாளை அவள்தான் டைப் அடித்துக் கொடுப்பாள். தலையும் வாலும் வளைந்த நெட்டை எஸ், நடுவில் கோடு போட்ட முட்டை, கொம்பு முளைத்த யு, எல்லாம் எந்தப் பெட்டியைத் திறந்தால் கிடைக்கும் என்று விரலுக்குத் தெரியும். அது என்ன சொல்கிறது என்று மட்டும் தெரியாது. பத்து வருசமாக ஒரு பாஷையை எழுதுகிறாள், படிக்கத் தெரியாது. அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததில்லை. கோயிலில் ஐயர் மந்திரம் சொல்லும்போது கும்பிட்டுக்கொண்டு நிற்கவில்லையா, அதுபோல.

அந்த நாள் மட்டும் வராமல் இருந்திருந்தால், என்று எண்ணம் ஓடியது. உடனே, ஐயோ, அது வராமல் இருந்திருக்கக்கூடாது என்று அதுவே திரும்பி வந்தது. மிதுனா ஒன்பதாவது முடித்த விடுமுறை. கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். பெரிய கிளாஸ் பிள்ளைகளுக்கான பௌதிகக் கேள்வித்தாள் ஒன்றை ஒரு வாத்தியார் டைப் அடிக்கக் கொடுத்துவிட்டு எதிர்க்கடையில் டீ குடிக்கப் போயிருந்தார். இவள் அதை எட்டிப் பார்த்தாள். மிஷினில் சிக்கிக் கசங்கிக் கிடந்த வேஸ்ட் தாளை எடுத்துப் பின்பக்கம் ஏதோ கிறுக்கினாள். வாத்தியார் வந்து பார்த்தார். டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்காமல் நின்று பார்த்தார். "இதை யாரு போட்டது? இந்தப் பொண்ணா? ஏம்மா, இதுக்கு நான் சொல்லிக் குடுக்கற வழி வேற, இது வேற வழியில போயிருக்குது, ஆனாச் சரியா வந்திருக்குது" என்றார். போகும்போது திரும்பி நின்று, "இந்தப் பிள்ளைக்கு இங்க இருக்கிறதெல்லாம் பத்தாதும்மா. இன்னும் கஷ்டமானதாத் தேடிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தேடிக் குடுங்க. அவர் அதற்குப் பிறகு மாற்றலாகியோ என்னவோ அந்தப் பக்கமே வரவில்லை, அவர் பேர்கூட இப்போது ஞாபகமில்லை, ஆனால் அந்த ஒரு வார்த்தை கடைக்குள்ளேயே தங்கிவிட்டது. அன்றைக்கிலிருந்து யார் என்ன பௌதிகப் புத்தகம் நகல் எடுக்க வந்தாலும் சாந்தாமணி ஒரு பிரதி கூடுதலாகப் போட்டு மேசைக்கடியில் வைத்துக்கொண்டாள். ரஷ்யாவிலிருந்து ஒரு காலத்தில் வந்த பழைய புத்தகம், அட்டை போனது, யாரோ ஒரு இன்ஜினியர் தன் மகனுக்காகக் கொண்டுவந்தார். அது கிடைத்த அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில். பிறகு போனில் டெலிகிராம் பார்க்கக் கற்றுக்கொண்டாள். கணக்குகளைக் கொட்டிக் குவிக்கும் குழுக்கள், வடக்கே ஏதோ ஊரில் வெள்ளைப் பலகை முன்னால் நின்று இந்தியில் பேசிக்கொண்டே போடும் ஒரு பையன், ஹங்கேரியா என்ன ஊர் அது, அங்கே பிள்ளைகளுக்கு வைத்த பழைய போட்டித் தாள்கள். எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அவளாகவே ஒரு அளவுகோல் கண்டுபிடித்தாள். நிறைய எண் இருந்தால் சுமாரான கணக்கு. எண்ணே இல்லாமல் எழுத்தாகவே இருந்தால் பெரிய கணக்கு. எழுத்தும் குறைந்து, படமும் இல்லாமல், இரண்டு வரியில் சாதுவாகப் படுத்துக்கிடந்தால் அதுதான் புலி. மிதுனாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "கரெக்ட்டும்மா, நீ எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றாள். அப்போது சிரித்தாள். எப்போது கடைசியாகச் சிரித்தாள்?

"ஏனுங், உங்க பொண்ணும் உள்ள எழுதுதுங்ளா?" என்று பக்கத்தில் குரல் கேட்டது. பச்சைச் சேலை, நெற்றியில் வேர்வையோடு கரைந்து இறங்கிய குங்குமம், கையில் விசிறியாக மடித்த நோட்டீஸ். தாராபுரத்துக்காரி, பேர் செல்வநாயகி என்று தானே சொன்னாள். பையன் உள்ளே இருக்கிறானாம். "எங்க பையனுக்கு மார்க்கெல்லாம் வருதுங். ஆனா இந்த மாதிரிப் பெரிய பரீட்சைன்னா முழிக்கிறானுங். ஸ்கூல்ல கேட்டா, கஷ்டமான கணக்கு எங்க கிடைக்கும்னு அவிங்களுக்கே தெரியலீங். நீங்க எங்கீங் எடுத்தீங்?" சாந்தாமணி அவளைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்காக எத்தனை நாள் காத்திருந்திருக்கிறாள். யாராவது கேட்க மாட்டார்களா, எங்கிருந்து எடுத்தீர்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று. குமரவேல் கேட்டதில்லை. "ஒரு பி.எஸ்ஸி படிச்சுட்டு டீச்சர் வேலைக்குப் போனாப் பத்தாதா, எதுக்குப் புள்ளையப் போட்டு இந்தப் பாடு படுத்தறே" என்பதோடு சரி. கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னால் போட்டிக்கு வந்துவிடுவார்கள் என்று அவளும் சொன்னதில்லை. இங்கே மட்டும் சொல்லலாமா? இவள் மகனும் நம் மகளும் ஒரே அறையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். இருக்கட்டும், இன்றைக்குப் பரீட்சை முடிந்துவிடும், இனி என்ன. இனிமே. மறுபடி அந்த வார்த்தை. வாய் தன்னாலே திறந்துகொண்டது. "எழுதிக்கோங்க" என்றாள். குழுக்களின் பேரைச் சொன்னாள், ரஷ்யப் புத்தகத்தைச் சொன்னாள், எதை முதலில் போட வேண்டும், எது பார்க்க எளிது போலிருந்து கழுத்தைப் பிடிக்கும், எந்தக் குழுவில் விடைகள் தப்பாக இருக்கும், எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் குரல் தனக்கே கேட்டது, அது நன்றாக இருந்தது, படித்தவள் குரல் மாதிரி. செல்வநாயகி நோட்டீஸின் பின்பக்கம் எழுதிக்கொண்டே போனவள் நிமிர்ந்து, "ஏனுங்க்கா, இதுக்கெல்லாம் பின்னாடி விடை போட்டிருக்குதுங்ளா?" என்றாள். "இருக்குதுங்க, முழுசா வழியோட போட்டிருக்கும்." "அப்பக் கஷ்டங். எம்பட பையன் பின்னாடி பாத்துப் பாத்து எழுதி வெச்சுட்டு முடிச்சாச்சும்மான்னு வந்து நிப்பானுங். நமக்கென்னங் தெரியும், நாம பாத்தாத் தாள் நெறைய எழுதியிருக்குது, சரின்னு பாலக் காச்சிக் குடுப்போம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

சாந்தாமணியும் சிரித்தாள். சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது, எடுக்க மறந்தது போல. முடிச்சாச்சும்மா. முன்பெல்லாம் மிதுனா அப்படிச் சொல்ல மாட்டாள். முன்பெல்லாம் ஒரு கணக்குப் பிடித்துக்கொண்டால் வீடு தாங்காது. அடுப்படியில் வந்து நின்றுகொண்டு குழம்புக் கரண்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு ஆட்டிப் பார்ப்பாள். "தள்ளு சாமி, கொதிக்குது" என்றால் காதில் விழாது. மொட்டைமாடிக்கு ஓடுவாள். சுவரில் தலையை மெல்ல முட்டிக்கொள்வாள். "போடா நாயே" என்று கணக்கைத் திட்டுவாள், அவள் அப்பா எதிர்வீட்டுக்காரரைத் திட்டுகிறாள் என்று நினைத்துப் பதறிக்கொண்டு வருவார். ராத்திரி தட்டில் சோறு காய்ந்துகிடக்கும். பிறகு எங்கிருந்தோ ஒரு கத்தல், "வந்துருச்சும்மா!" என்று. அந்தக் கத்தல் எப்போது நின்றது? ஆடிக் காற்று அடித்த சமயம், தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, அப்போது கேட்டதா? கேட்ட ஞாபகம் இல்லை. அதற்குப் பிறகு மிதுனா சத்தம் போடவில்லை. மேசையில் குனிந்து உட்கார்ந்து எழுதுவாள், நேரத்துக்குச் சாப்பிடுவாள், நேரத்துக்குப் படுப்பாள். "முடிச்சிட்டியா கண்ணு?" "முடிச்சிட்டேம்மா." "கஷ்டமா?" "பரவால்லம்மா." சாந்தாமணி அதைப் பக்குவம் என்று நினைத்தாள். பெரிய பரீட்சை நெருங்குகிறது, பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அடுத்த வீட்டம்மாவிடம்கூடச் சொன்னாள். பொறுப்பு. எண்ணில்லாத கணக்கு ஒன்று, இரண்டே வரி, புலி, அதைப் போட்டுவிட்டு யாராவது நேரத்துக்குச் சாப்பிடுவார்களா? தினம் தினம் நகல் எடுக்கிறவளுக்கு இது தெரிய வேண்டாமா? மூலத்தில் அடித்தல் திருத்தல் இருக்கும், மை சிந்தியிருக்கும், மடிப்பு இருக்கும். நகல் சுத்தமாக இருக்கும். பிள்ளை சுத்தமாகிக்கொண்டே வந்தது, இவள் பாலைக் காய்ச்சிக் கொடுத்தாள்.

இல்லை, அப்படி இருக்காது. இந்தத் தாராபுரத்துக்காரி ஏதோ சொன்னாள் என்று நாம் ஏன் மகளைச் சந்தேகப்பட வேண்டும். ஆனால் அப்படித்தான் என்றால்? அப்படித்தான் என்றால் 'இனிமே தேட வேண்டாம்' என்பதற்கு என்ன அர்த்தம்? தேடினாலும் பிரயோஜனமில்லை என்றா? இல்லை, தேடிக் கொடுக்க ஆள் இருக்காது என்றா? இந்த இடத்தில் மனசு ஒரு படியிறங்கித் தவறிப்போய் எங்கோ விழுந்தது. பரீட்சைக்குப் பயந்து ஏதாவது செய்துகொண்டதாகப் பேப்பரில் வரும் பிள்ளைகள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகள். அந்தப் போட்டோக்களைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தது யாரோ அவளைப் போல ஒரு கடைக்காரியாகத்தான் இருக்கும். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மிதுனா அப்பாவின் காலைத் தொட்டாள், எப்போதும் தொடாதவள். பரீட்சைக்குப் போகும் பிள்ளை தொடாதா? தொடும். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை "நீ உக்காரும்மா" என்று விட்டுக்கொடுத்தாள். ஏன் விட்டுக்கொடுத்தாள்? பள்ளிக்கூடக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள். எத்தனை மாடி! எதற்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கு இத்தனை மாடி? ஜன்னலெல்லாம் மூடியிருந்தது, வெயில் பட்டு எல்லாக் கண்ணாடியும் ஒரே மாதிரி வெள்ளையாக எரிந்தது, எதற்குப் பின்னால் மிதுனா இருக்கிறாள் என்று தெரியவில்லை. கால் இப்போது தானாக நடந்தது. கேட்டின் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு, அதில் ஒரு சதுர ஓட்டை. தட்டினாள். ஓட்டையில் வாட்ச்மேனின் மீசை தெரிந்தது.

"ஏனுங்கண்ணா, எம் பொண்ணு உள்ள எழுதுதுங்க. ஒரே ஒரு நிமிசம், ஜன்னல் வழியாப் பாத்துட்டு வந்தர்றனுங்க."

"என்னம்மா ஆச்சு, பொண்ணுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்லீங்கண்ணா. உடம்பெல்லாம் நல்லாத்தானிருக்குது."

"ஹால் டிக்கெட்டை விட்டுட்டுப் போயிருச்சா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"அப்புறம் எதுக்கும்மா? நடுவுல தொறந்தேன்னா என் சீட்டைக் கிழிச்சிருவாங்க. போய் நெழல்ல நில்லு தாயி, முடிஞ்சதும் தானா வரும்."

என்ன சொல்வது அவரிடம்? என் மகள் ஒரு வார்த்தை சொன்னாள், அதில் எந்த இடத்தை அழுத்திச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் கேட்டைத் திறங்கள் என்றா? அவர் ஓட்டையை மூடவில்லை, பாவம், நல்ல மனுசன், இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி கிண்ணி வேணுமா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுச் சுவரோரம் திரும்பினாள். நிழல் இன்னும் குறுகியிருந்தது. முதுகைச் சுவரோடு ஒட்டினால் கால்விரல்கள் வெயிலில் இருந்தன. இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் வெயில், நடுவில் ஒரு சேலையின் அகலம். செல்வநாயகி துண்டில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டாள், மடியில் நோட்டீஸ், அதில் இவள் சொன்ன பேரெல்லாம். தாராபுரத்தில் ஒரு பையன் நாளையிலிருந்து அதைச் சுமப்பான். பிடுங்கிக் கிழித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போனை எடுத்தாள். குமரவேலைக் கூப்பிடலாம், கூப்பிட்டு? "சொன்னேனில்ல" என்பான். சொன்னேனில்ல என்று சொல்வதற்காகவே அவன் இரண்டு வருசமாகக் காத்துக்கொண்டிருக்கிறான். போனை உள்ளே வைக்கப் போனவள் வைக்கவில்லை. கட்டைவிரல் தன்பாட்டுக்கு டெலிகிராமைத் திறந்தது. குழுவில் காலையில் யாரோ புதுசாகப் போட்டிருந்தார்கள், கனமான கோப்பு, இயக்கவியல் என்று மேலே போட்டிருந்தது. திறந்தாள். முதல் பக்கத்தில் எண்ணே இல்லை. ஆகா என்று நெஞ்சுக்குள் அந்தப் பழைய குதிப்பு குதித்தது, கட்டைவிரல் அம்புக்குறியை அமுக்கியது, வட்டம் சுற்றியது, கோப்பு இறங்கி முடிந்தது. பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று பார்த்தாள். இந்த வெயிலில், இந்தப் பயத்தில், மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நிற்கும்போதும் குதிக்கிறதே, இது யாருக்காகக் குதிக்கிறது? மிதுனாவுக்காகவா? மிதுனா அடுத்ததைக் கேட்டு எத்தனை நாளாயிற்று? கேட்கவேயில்லை. இவளாகத்தான் கொண்டுபோய் வைத்தாள். ராத்திரி மேசையில் வைப்பாள், காலையில் அதன் மேல் இன்னொன்று. அடுக்கு உயர்ந்துகொண்டே போனது. அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் உச்சி வகிடு மட்டும்தான் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். அந்த வகிட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

மணி அடித்தது. சுவரோரம் கிடந்த கூட்டம் மொத்தமும் ஒரே ஆளாக எழுந்து கேட்டை நெருக்கியது. கொண்டி விழுந்து, கேட் திறந்து, பிள்ளைகள் கொத்துக்கொத்தாக வந்தார்கள். ஒவ்வொரு முகத்தையும் மிதுனா என்று பார்த்து இல்லை என்று தள்ளினாள். செல்வநாயகி மகனைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்துக்கொண்டு, "வரனுங்க்கா" என்று கத்திவிட்டுப் போனாள். கூட்டம் வடிந்தது. பிறகு இரண்டு பேர் வந்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. முற்றத்தில் வெயில் மட்டும் கிடந்தது. சாந்தாமணி கேட்டைத் தாண்டி உள்ளே காலை வைத்துவிட்டாள், வாட்ச்மேன் தடுக்கவில்லை. அப்போது தூரத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர்க் குழாயடியில் யாரோ குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது தெரிந்தது. நிமிர்ந்தது. மிதுனா. துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாவகாசமாக நடந்து வந்தாள். சாந்தாமணிக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. ஆனால் வாயில் வந்தது எப்போதும் வருவதுதான்.

"எப்படி கண்ணு எழுதினே?"

"பாதிக்கு மேல விட்டுட்டேம்மா. தெரிஞ்சதுக்கு மட்டும் வட்டத்தைக் கருப்பாக்கினேன்."

"நேரம் பத்தலையா?"

"நேரமெல்லாம் கெடந்துச்சு. தெரியல." மிதுனா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினாள். "ஆடி மாசத்துலருந்தே நீ கொண்டாந்து வெக்கிறதுல எனக்கு ஒண்ணுகூட வரலம்மா. முதல் வரியிலயே நின்னுரும். பின்னாடி வழியப் பாத்துப் பாத்து எழுதி வெச்சேன்."

தெரியும் என்று சொல்ல வந்தாள். தெரியாது என்பதுதான் உண்மை. ஒரு மணிநேரமாகத் தெரிந்தது தெரிந்ததாகுமா? "ஏன் சாமி எங்கிட்டச் சொல்லல? நான் அடிச்சிருவனா?"

"அடிச்சிருந்தாச் சொல்லியிருப்பேன்" என்றாள் மிதுனா. அழவில்லை, குழாயடியில் அழுது முடித்துவிட்டாள் என்று கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. "நீ கடையிலருந்து வரும்போது ஒரு மூஞ்சியோட வருவே. புதுசு கிடைச்சிருக்குதுன்னு. செருப்பைக்கூடக் கழட்டாம நேரா எம்பட மேசைக்கு வருவே. அந்த மாதிரி மூஞ்சி அதுக்கு முன்னாடி உனக்கு இருந்ததே இல்லம்மா. அப்பாகிட்டப் பேசும்போதும் இல்ல, தீபாவளிக்கும் இல்ல. எனக்கு வரலைன்னு சொன்னா அது போயிருமேன்னு இருந்துச்சு." பிறகு, "இன்னைக்குக் காலைல கேட்டு வாசலுக்கு வந்ததும் முடியல. சொல்லிட்டேன்" என்றாள்.

ஏதாவது சொல்ல வேண்டும், பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இப்போது தன் மூஞ்சி எப்படி இருக்கிறது என்று சாந்தாமணிக்குத் தெரியவில்லை, அதை எப்படி வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. இந்தப் பிள்ளை இத்தனை நாளாக இதைப் பார்த்துப் பார்த்து, இது வாடாமல் இருக்க வேண்டும் என்று, தனக்கு விளங்காததைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. விளங்காததை எழுதுவது எப்படி இருக்கும் என்று சாந்தாமணிக்குத் தெரியும். ஆனால் அவள் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். "எனக்கு அவசரமா பாத்ரூம் போகணும் கண்ணு" என்றாள். மிதுனா திகைத்துப் பார்த்துவிட்டு, "காலைலருந்து போகலையா? அட லூசு அம்மா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பேக்கரிக்கு ரோட்டைத் தாண்டினாள்.

உக்கடத்தில் உடுமலை வழியாகப் போகும் பழனி பஸ் கிடைத்தது. ஜன்னல் சீட்டில் மிதுனா உட்கார்ந்தாள், இந்தத் தடவை கேட்காமலே. பஸ் பாலத்தைத் தாண்டியதும் நெரிசலில் நின்றுவிட்டது, முன்னாலும் பின்னாலும் லாரிகள், டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்றவைக்க இறங்கினார். சாந்தாமணிக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இதே நேரம் வழக்கமாக என்ன செய்வாள்? போனைத் திறந்து பார்ப்பாள். நாளைக்குக் கடை திறக்க வேண்டும். யாராவது ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள், எத்தனை பிரதி என்று கேட்பாள், அவர்கள் சொல்வதை மட்டும் போட்டுக்கொடுத்துவிட்டு நிமிர வேண்டும். முடியுமா என்று தெரியவில்லை. மேசைக்கடியில் கை போகும். போகாமல் எப்படி இருக்கும்? மிதுனாவின் மடியில் கேள்வித்தாள் மடிந்து கிடந்தது, எடுத்துப் போகலாம் என்று விட்டிருந்தார்கள். சாந்தாமணி அதைப் பிரித்தாள். கண் பழக்கத்தில் எண் இல்லாத இடத்தில் போய் நின்றது. வழக்கமாக அத்தோடு திருப்தியாகி அடுத்ததற்குப் போகும் கண், இப்போது போக இடமில்லாமல் அங்கேயே இருந்தது.

"இதுல என்ன கேட்டிருக்கான்?" என்றாள்.

மிதுனா அவளை விநோதமாகப் பார்த்தாள். இத்தனை வருசத்தில் இந்தக் கேள்வியை இவள் கேட்டதில்லை. "கவுத்து வெச்ச கிண்ணம் மாதிரி ஒண்ணும்மா. அதோட உச்சியில ஒரு சின்னப் பொருள் உக்காந்திருக்குது. லேசாத் தட்டிவிட்டா வழுக்கிட்டு இறங்கும். கொஞ்ச தூரம் ஒட்டிட்டே வரும், அப்புறம் ஒரு இடத்துல கிண்ணத்தை விட்டுட்டுத் தனியாப் போயிரும். அது எந்த இடம்?"

சாந்தாமணி யோசித்தாள். வீட்டு வடைச்சட்டியை மனசுக்குள் கவிழ்த்து, அதன்மேல் ஒரு மிளகை வைத்துப் பார்த்தாள். மிளகு உருண்டது. "அது எப்பவும் ஒரே இடத்துலதான் விட்டுப் போகுமா?"

"கிண்ணத்தைத் தரையில ஆணியடிச்சு வெச்சிருந்தா ஒரே இடந்தான். அது எனக்குத் தெரியும், போட்டுருவேன். இதுல கிண்ணத்தை ஒட்டி வைக்கலம்மா. மேல இருக்கிறது இந்தப் பக்கம் வழுக்க வழுக்க, கிண்ணம் அந்தப் பக்கம் நகருது." மிதுனா முன்சீட்டுக் கம்பியின்மேல் விரலை வைத்து வழுக்கிக் காட்டினாள். விரல் பாதியில் நின்றது. புருவம் சுருங்கியது. உதட்டைக் கடித்தாள். லாரிக்காரன் ஒருவன் பொறுமையில்லாமல் ஹார்னை அடித்துக்கொண்டேயிருந்தான், இரண்டு பேருக்கும் அது கேட்கவில்லை.

"அப்ப எங்க விட்டுப் போகும்?" என்றாள் சாந்தாமணி.

மிதுனா விரலை எடுக்காமலே சொன்னாள். "தெரியலம்மா."